புரட்டிப் படுக்க வைத்த கணக்கு

அன்பு மகளுக்கு,

அரசுச் செலவு பற்றி நீ எழுதி அனுப்பிய அறிக்கையை இரண்டு தடவை படித்தேன். சாலைக்கும் பாலத்துக்கும் போகும் பணத்தை 'முதலீடு' என்கிறாய். மருத்துவமனைச் சம்பளத்தை மட்டும் 'கட்டுக்கடங்காத செலவு' என்கிறாய். அந்த இடத்தில் மனசு நின்றுவிட்டது. போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் செவிலியர் வேலையில், நினைவில்லாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒருத்தி தோளையும் இடுப்பையும் பிடித்துத் திருப்ப, இன்னொருத்தி முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்போம். விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. குதிகாலிலும் வால் எலும்பிலும் சிவப்பு தெரிந்தால் விரலால் அழுத்திப் பார்ப்போம். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் பயமில்லை. அழுத்தியும் சிவப்பு அப்படியே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. ராத்திரி முழுக்க இதுதான் வேலை, வார்டு வார்டாக.

புண் வந்துவிட்டால் தினமும் கட்டு, ஆன்டிபயாடிக், சில சமயம் அறுவை சிகிச்சை, வாரக்கணக்கில் கூடுதல் படுக்கை. இது அத்தனையும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறும். வராமல் காத்த இரவுக்கு எங்கள் சம்பளம் மட்டும்தான் ஏறும். இலவச அரசு மருத்துவமனையின் சேவைக்குச் சந்தை விலை கிடையாது, அதனால் ஆன செலவையே அதன் மதிப்பாக எழுதிக்கொள்கிறார்கள் என்று நீதானே எனக்குச் சொன்னாய்? அப்படியானால் கண்ணாகப் பார்த்துக்கொண்ட வார்டைவிட, கவனிக்காமல் விட்ட வார்டுதான் உன் அட்டவணையில் உயர்ந்து நிற்கும். இதை நினைத்தால் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

செலவு வருடா வருடம் ஏறுகிறது என்கிறாய். ஏறத்தான் செய்யும். தொழிற்சாலையில் இயந்திரம் வந்து, ஒரு ஆள் பத்து ஆள் வேலை செய்கிறார், கூலியும் கூடுகிறது. ஒரு நோயாளியைப் புரட்ட அன்றும் நாலு கை, இன்றும் நாலு கை. எங்கள் சம்பளத்தையும் கூட்டாவிட்டால் வார்டில் யார் இருப்பார்கள்? பொருளாதார அறிஞர் வில்லியம் பாமோல் 1960களிலேயே இதை விளக்கிவிட்டார். அந்த ஏற்றத்தை எல்லாம் வீண் என்று சொல்லிவிடாதே.

அதற்காகக் கொட்டிக் கொடுத்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 17 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவழிக்கிறது, ஜப்பான் சுமார் 11 சதவீதம். ஆனால் ஜப்பானியர்தான் அதிக வருடம் வாழ்கிறார்கள். எதை வாங்குகிறோம், யார் விலை பேசுகிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். மயங்கிக் கிடப்பவர் பேரம் பேச முடியாது. என்ன சிகிச்சை வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாது, விற்பவருக்குத்தான் தெரியும். பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-ல் எழுதிய கட்டுரையின் மையமே இதுதான். பலருக்காகவும் சேர்த்து விலை பேச ஒருவர் வேண்டும், அரசு அங்கேதான் தேவைப்படுகிறது.

அப்புறம் பெரியம்மை. உலக சுகாதார நிறுவனம் 1967-ல் தீவிரத் திட்டம் தொடங்கி, 1980-ல் நோய் ஒழிந்தது என்று அறிவித்தது. ஆனது சுமார் 30 கோடி டாலர், பெரும்பகுதி நோய் பரவியிருந்த நாடுகளே போட்ட பணம். எந்தக் கம்பெனி அதைச் செய்திருக்கும்? நோய் வராதவர்களுக்கு யார் பில் அனுப்ப முடியும்? அதற்குப் பிறகு பிறந்த நீ அந்தத் தழும்பை யார் முகத்திலாவது பார்த்திருக்கிறாயா, யோசித்துப் பார்.

வரிப்பணமும் கடனும் எங்கிருந்தோ வர வேண்டும், வட்டி கட்ட வேண்டும் என்று நீ சொல்வாய். சரிதான், மறுக்கவில்லை. கட்டடம் கட்டி, கருவி வாங்கி, ஆள் போடாமல் பூட்டி வைப்பதும் உண்டு. அதை நீ எவ்வளவு கடுமையாக எழுதினாலும் உன் பக்கம் நிற்பேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அறிக்கையைத் திருத்தும்போது, இரவுப் பணிக்கு ஒரு வார்டில் எத்தனை செவிலியர் என்று ஒரு பத்தி சேர்த்துப் பார். எண் கிடைத்ததும் எனக்கு எழுது. அத்தனை பேரால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எத்தனை நோயாளிகளைப் புரட்ட முடியும் என்று நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா