தர்ஸ்லி தரிசு அல்ல, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

"ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு தர்ஸ்லிக்குப் போகிறோம் அக்கா. வெறும் தரிசுதானே, அங்கேயே அடுப்பு மூட்டிக் கறி சுட்டுக்கொள்வோம்" என்று தொலைபேசியில் சொன்னாய். தரிசு என்ற அந்தச் சொல் இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது.

இங்கிலாந்தின் சர்ரேயில் இருக்கும் அந்த வெளி, ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம். தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்து, எரிக்க வேர்மண்ணோடு புல்கட்டி வெட்டி, கோர்ஸ் முள்ளை அடுப்புக்கு அறுத்து மக்கள் புழங்கியதால்தான் அது காடாக மூடாமல், ஹெதர் என்னும் குறுஞ்செடி பூக்கும் புதர்வெளியாக நிலைத்தது. அப்படிப்பட்ட வெளிகளில் ஐந்தில் நான்கு பங்கு 1800-க்குப் பிறகு இந்த நாட்டில் அழிந்துவிட்டது. எஞ்சியதைத் தரிசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீ பக்கி என்னும் இரவுப் பறவையின் குரலைக் கேட்டதில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து மே மாதம் வந்து சேரும். இருட்டும் நேரத்தில், கைராட்டை சுற்றுவது போல நிறுத்தாமல் ஒலிக்கும். கூடு கட்டாது; வெறும் தரையில் இரண்டு முட்டை இடும். அடைகாக்கும் பறவை சருகோடு சருகாகக் கிடக்கும். மிதிக்கும் வரை தெரியாது. கோர்ஸ் புதரில் இருக்கும் டார்ட்ஃபோர்ட் கதிர்க்குருவியோ குளிருக்கும் இடம் பெயராது. 1962-63 கடுங்குளிருக்குப் பின் நாடு முழுவதும் பத்து ஜோடி அளவில்தான் மிஞ்சியது. அங்கிருந்து மீண்டு வந்த குருவி அது.

சதுப்பில் நம் ஊர் அழுகண்ணியின் இனச் செடி பூச்சி பிடிக்கும். இருபதுக்கும் மேற்பட்ட வகைத் தும்பிகள் உண்டு. ஹாபி என்னும் சிறு வல்லூறு அவற்றைப் பறந்தபடியே பிடித்து, பறந்தபடியே தின்னும். முதன்முறை பார்த்தபோது நான் மூச்சுவிட மறந்து நின்றேன்.

2020 மே மாதக் கடைசியில் அங்கே தீப் பிடித்தது. தரையில் முட்டைகள் கிடக்கும் காலம். சுமார் 150 ஹெக்டேர் கருகியது. சதுப்பின் மேல் போட்டிருந்த பலகை நடைபாதையும் எரிந்தது. பறவை பறந்துவிடும். மணல் பல்லி எங்கே ஓடும்?

கறியை என் வீட்டுத் தோட்டத்தில் சுடுவோம். உன் நண்பரின் நாய்க்குக் கயிறு கொண்டுவரச் சொல். ஜூலை முடியும்வரை அங்கே அவிழ்த்துவிடக் கூடாது. இரவு எட்டரைக்குக் கிளம்பினால், பக்கி தொடங்குவதற்குள் போய்விடலாம்.

அன்புடன்,
அக்கா