இடது பின் சக்கரம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. வாடைக்காற்று இன்னும் அடங்கவில்லை. மற்றதெல்லாம் பிறகு. முதலில் வண்டி விஷயம்.

போகிக்கு முதல்நாள் ராத்திரி நீ தெருவுக்குள் திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிட்டது. இடது பின் சக்கரம். அம்மா குட்டிப்பயலைத் தூக்க ஓடினாள், நான் சக்கரத்துப் பக்கம் போனேன். "பிரேக் பேட் ரெண்டு தடவை மாத்தியாச்சுப்பா, இன்னும் அரைக்குது" என்றாய். இரண்டு தடவை பேட் மாற்றியும் போகாத சத்தம் பேட் சத்தமாக இருக்காது தம்பி. அதை அன்றைக்கே சொன்னேன். நீ காது கொடுத்துக் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பேட் தேய்ந்தால் முதலில் கீச்சென்று கத்தும். பேட் ஓரத்தில் இருக்கும் சின்னத் தகடு, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் பட்டு வருகிற சத்தம் அது. அப்போதும் மாற்றாமல் ஓட்டினால் இரும்போடு இரும்பு உரசி அரைக்கும். ஆனால் அந்த அரைப்பு பெரும்பாலும் பிரேக்கை மிதிக்கும்போது ஏறும், காலை எடுத்தால் இறங்கும். உன் வண்டியில் அப்படி இல்லை. மாட்டுப்பொங்கல் காலையில் நீ தூங்கிக்கொண்டிருந்தபோது நான் பாம்பன் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டு ஐஸ் கம்பெனிச் சுவரை ஒட்டி மெதுவாகப் போனேன். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தில்தான் எந்தச் சக்கரம் என்று பிரிந்து தெரியும். கால் பிரேக்கை மிதித்தேன், சத்தம் கூடவில்லை. நியூட்ரலில் உருட்டினேன், சத்தம் நிற்கவில்லை. ஆளில்லாத இடமாகப் பார்த்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில், ஹேண்ட்பிரேக் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே இரண்டு பல் அளவுக்கு இழுத்தேன். கரகரவென்று ஏறிவிட்டது. விட்டதும் பழையபடி ஆனது.

பேரிங் என்று அங்கே யாரோ சொன்னதாகச் சொன்னாய். பேரிங் போனால் வேகம் கூடக்கூட ஹூம் என்று ஏறும், வளைவில் எடை ஒரு பக்கம் சாயும்போது மாறும். நான் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டேன். ஆட்டம் இல்லை. டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் கல் மாட்டினாலும் இப்படி உரசும், அதையும் பார்த்தேன், இடைவெளி சரியாக இருக்கிறது. கையால் சுற்றினால் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, உள்ளே எதுவோ பிடித்துப் பிடித்து விடுகிறது.

உன் வண்டியில் பின் டிஸ்க்கின் நடுவில் தொப்பி மாதிரி இருக்கிறது பார், அதற்குள் ஒரு சின்ன டிரம் இருக்கிறது. கால் பிரேக் வெளியே, பேடை வைத்து டிஸ்க்கை இறுக்கும் காலிப்பரில் பிடிக்கும். ஹேண்ட்பிரேக் மட்டும் உள்ளே இரண்டு சின்ன ஷூவில் பிடிக்கும். பேடை எத்தனை தடவை மாற்றினாலும் அந்த ஷூ கண்ணில் படாது, டிஸ்க்கையே கழற்றினால்தான் தெரியும். ஷூ இரும்புக்கும் அதன்மேல் ஒட்டியிருக்கும் லைனிங்குக்கும் நடுவில் துரு புகுந்தால், துரு ஊதி லைனிங்கைத் தூக்கிவிடும். அப்புறம் அது துண்டு துண்டாக டிரம்முக்குள் உருண்டு அரைக்கும். உன் சக்கரத்தில் நடப்பது இதுதான் என்பது என் கணக்கு.

ஓடுகிற வண்டிக்கு இது இவ்வளவு சீக்கிரம் வராது. ஈரக்காற்றில், உப்புக்காற்றில், ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டு மணிக்கணக்காக நிற்கிற வண்டிக்குத்தான் வரும். நம் ஊரில் நிற்கிற வண்டிக்கு வரும். 1914-ல் கட்டின பாம்பன் பாலத்தையே இந்த உப்பு தின்று, 2022-ல் ரயிலை நிறுத்த வைத்துவிட்டது. சென்னைப் பெருங்குடியில் வீட்டுக்குக் கீழே நிற்கிற வண்டிக்கு ஏன் வருகிறது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஹேண்ட்பிரேக்கை முழுசாக இழுக்காதே. சமதளமாக இருந்தால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தால் போதும்.

நீயே கழற்றிப் பார்க்கலாம். பத்து வயதில் இருட்டில் தடவிப் பார்த்தே பன்னிரண்டு பதிமூன்று நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தவன் நீ. நான் தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டின காலத்தில் மூன்றாம் சத்திரத்தில் மற்ற வேன்காரர்களெல்லாம் உன்னைக் காட்டிப் பேசுவார்கள், எனக்கு அன்றைக்கு முழுக்க நெஞ்சு நிமிர்ந்து இருக்கும். கைக்குள் இவ்வளவு வேலையை வைத்துக்கொண்டு, யாரோ சொன்னான் என்று இரண்டு தடவை பணம் கொடுத்திருக்கிறாய். எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்.

கழற்றும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதே, ஸ்டாண்டு வை. முன் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை முழுசாக விட வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்க் வராது. காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடு, பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கக்கூடாது. டிஸ்க் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் சுத்தியலைத் தூக்காதே. அதன் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டை இருக்கிறதா பார். இருந்தால் அந்த மரைக்குச் சரியான போல்ட்டை இரண்டிலும் மாற்றி மாற்றி முடுக்கு, டிஸ்க் நகர்ந்து வெளியே வரும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதே, மூக்கில் துணி கட்டிக்கொள். ஷூ மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்று. காலிப்பரின் ஸ்லைடு பின் இரண்டும் விரலால் தள்ளினால் போய்வர வேண்டும். பின் இறுகினால் உள்பக்கத்து பேட் தேய்ந்து தகடாகியிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் பேட் நன்றாக இருக்கிற மாதிரியே தெரியும். அதற்கு சிலிகான் கிரீஸ் மட்டும் போடு, சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.

மறுபடி சொல்கிறேன், வேலை முடிந்ததும் ஹேண்ட்பிரேக்கை இறுக்காதே.

இதை எழுதிவிட்டு எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து எழுதுகிறேன்.

மாட்டுப்பொங்கலன்று உன் வண்டியை எடுத்தபோது கதவில் ஒட்டியிருந்த சர்வீஸ் ஸ்டிக்கரைப் பார்த்தேன். ஆகஸ்டில் 61,240 என்று போட்டிருந்தது. மீட்டரில் 62,030. நீ ஊருக்கு வந்த தூரத்தைக் கழித்தால் ஐந்து மாதத்துக்கு இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். சிறுசேரி ஆபீஸுக்குப் போக வர முப்பத்தைந்துக்குக் குறையாது என்று நீதான் சொன்னாய். கம்பெனி பஸ்ஸில் போகிறாய் போல என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் மத்தியானம் மருமகள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், "காரை எடுத்துட்டுப் போனா வர ராத்திரி ஒன்பதாகுது அத்தை, ஆபீஸ்ல அவ்வளவு வேலை" என்று.

டிரைவர் பக்கத்து மிதியடியில் கடல் மணல் இருந்தது. மற்ற மூன்றும் சுத்தம். டிக்கியில் ஜாக்கி எடுக்கப்போனபோது தலையணை இருந்தது. நான் மிதியடியை எடுத்து வேலிப் பக்கம் தட்டிவிட்டு, துடைத்து, பழையபடி போட்டேன். டிக்கியை மூடினேன். மருமகள் பார்க்கவில்லை.

2017-ல் தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை ரோடு திறந்தார்களே, அந்த வருஷத்தை நினைத்துப் பார். நீ மதுரையில் ஹாஸ்டலில் இருந்தாய். தார் ரோட்டில் யார் வேண்டுமானாலும் தன் காரிலேயே தனுஷ்கோடி போய் வரலாம் என்றான பிறகு, மணலில் ஓட்டின எங்கள் வேனில் யார் ஏறுவார்கள்? ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்று மாதம் நான் விடியற்காலை ஐந்து மணிக்கு வேனை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போகவில்லை. குந்துகாலுக்குப் போனேன். விவேகானந்தர் மண்டபத்தைத் தாண்டி வேனைக் கடலைப் பார்த்து நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா கட்டிக்கொடுத்த சோற்றைப் பதினோரு மணிக்கே சாப்பிட்டுவிடுவேன், அதைத் தவிர வேறு வேலை இல்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து "இன்னைக்கு ஆறு டிரிப்பு" என்பேன். அம்மா கையில் கொடுத்ததெல்லாம் வட்டிக்கு வாங்கின காசு.

ஐப்பசிக் கடைசியில் ஒரு ராத்திரி அம்மா வாசல் விளக்கில் நின்றுகொண்டு, "டயர்ல ஈர மணலே இல்லையே" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கினேன் தம்பி, அவள் பின்னால் நகர்ந்தாள். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ச் செயினைக் கழற்றிக்கொண்டு வந்து திண்ணையில் வைத்தாள். உன் மூன்றாம் வருஷ பீஸ் அதுதான். என்ஜின் வேலைக்கு அடகு வைத்ததாக உன்னிடம் சொன்னோம். என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரொம்ப நாள் கழித்து, எப்போது தெரியும் என்று கேட்டேன். ஆவணியிலேயே தெரியும் என்றாள். தெரிந்துகொண்டே மூன்று மாதம் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறாள். நான் அதைத் தனியாக உட்கார்ந்து தின்றிருக்கிறேன். வேலை போனதற்கு நான் அவ்வளவு வருத்தப்படவில்லை. ரோடு வந்தது ஊருக்கு நல்லதுதான். அந்த மூன்று மாதத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.

கார்த்திகையில் நீ போன் பண்ணி, "இறால் பண்ணையெல்லாம் இப்ப எப்படிப் போகுது, ஊர்லயே ஏதாவது பண்ண முடியுமா" என்று கேட்டாய். "படிச்சவனுக்கு இங்க என்ன வேலை" என்று சொல்லிவிட்டு நான் பேச்சை மாற்றினேன். நீ அதற்குப் பிறகு இரண்டு வாரம் கூப்பிடவில்லை. நீ ஊர் விசாரிக்கிறாய் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பொங்கலுக்கு நீ வந்த பிறகுதான் அந்தப் போன் எதற்கு என்று புரிந்தது. புரிந்தும், மூன்று நாளும் ஜாக்கியும் ஸ்பேனருமாக உன் வண்டியைச் சுற்றி வந்தேனே தவிர, உன்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால் நீயும் என்னை மாதிரிக் கோபப்படுவாயோ என்று பயம். கடைசி நாள் டிஸ்க்கைக் கழற்றுகிறேன் என்றபோது "விடுங்கப்பா, நான் அங்க பாத்துக்கிறேன்" என்று நீ சொன்ன குரல் என் குரல் மாதிரியே இருந்தது.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் ரொம்ப சந்தோஷம். தப்பு இல்லை என்றால், மருமகளிடம் நீயே சொல்லிவிடு. அவள் மிதியடியைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற வரைக்கும் விடாதே. இந்த மாதத்துக்குள் சொல்லிவிடு. வாடகைக்கு என்ன குறைகிறது என்று எனக்குச் சொல். ஊருக்கு வந்து கொஞ்ச நாள் இருக்கலாம் என்று தோன்றினாலும் வா. மேல் அறையில் இருக்கிற வலையையெல்லாம் நேற்றுத்தான் இறக்கிவைத்தேன். அம்மா எதற்கு என்று கேட்கவில்லை.

என் டூல் பையை அனுப்புகிறேன். சனிக்கிழமை ராத்திரி சென்னை பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன், ஞாயிறு காலையில் கிளாம்பாக்கத்தில் வாங்கிக்கொள். பன்னிரண்டு பதிமூன்று அதில்தான் இருக்கிறது. போல்ட்டும் சிலிகான் கிரீஸும் வைத்திருக்கிறேன். வெர்னியரும் இருக்கிறது, டிஸ்க் கனத்தை நாலு இடத்தில் அளந்து பார். குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதற்குக் கீழே போயிருந்தால் கடைசல் பிடிக்க விடாதே, புதிதாகப் போடு. சைடு ஜிப்பில் ஒரு கவர் இருக்கிறது, ஷூ வாங்க அதிலிருந்து எடுத்துக்கொள், மிச்சத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம். இந்தக் கடிதத்தையும் அதே ஜிப்பில்தான் வைக்கப்போகிறேன். நெத்திலிக் கருவாடு தனிப் பொட்டலம், அதை மருமகளிடம் கொடு. டூல் பையை நீ மட்டும் திற.

ஞாயிறு முழுக்கப் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். டிஸ்க்கைக் கழற்றியதும் உள்ளே எப்படி இருக்கிறது என்று கூப்பிட்டுச் சொல். அம்மா பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா
தங்கச்சிமடம்