அணைகளின் இயக்க விதிகளைத் திருத்தி எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருமழையில் ஆற்றங்கரைகள் மூழ்கும் ஆண்டில், அணையை முன்கூட்டியே ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறோம். மழை பொய்த்த ஆண்டிலோ, சென்ற முறை வந்த நீரைத் தேக்காமல் ஏன் கடலுக்கு விட்டார்கள் என்று கேட்கிறோம். இரண்டும் நியாயமான கேள்விகளே. எந்த மாதத்தில் எந்த மட்டம் வரை நீரைத் தேக்கலாம், வெள்ளத்தை ஏற்க எவ்வளவு இடத்தைக் காலியாக விட வேண்டும் என்று வரையறுக்கும் இயக்க விதிகளில்தான் இரண்டுக்கும் விடை இருக்கிறது. அணையின் உறுதியைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் இந்த விதிகளைப் பற்றிப் பேசுவதில்லை என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பல அணைகளில் இவ்விதிகள், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய மழை, நீர்வரத்துப் பதிவுகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை. முன்பு பெய்ததுபோலவே இனியும் பெய்யும் என்ற நம்பிக்கை இன்று ஆட்டம் கண்டுவிட்டது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியை ஏற்கும். அதனால் பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கிறது. பெய்யாத நாள்களில் மண்ணும் நீர்த்தேக்கமும் முன்னைவிட விரைவாக வறள்கின்றன. பனிமலைகளில் பிறக்கும் ஆறுகளில் பனி முன்னதாகவே உருகிவிடுவதால், கோடையில் வர வேண்டிய நீர் அதற்கு முன்பே வந்து போய்விடுகிறது.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் கனமழை தொடங்கியபோது பெரிய நீர்த்தேக்கங்கள் பலவும் ஏறக்குறைய நிரம்பியே இருந்தன. நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்தப் பேரிடரில் அணைகளின் பங்கு எவ்வளவு என்பதில் வல்லுநர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வந்த வெள்ளத்தை வாங்கிக்கொள்ள அவற்றில் இடம் குறைவாக இருந்ததை மறுக்க முடியாது.

இதற்கு நேர்மாறான இழப்பைக் கலிபோர்னியாவின் மெண்டோசினோ நீர்த்தேக்கம் சந்தித்தது. 2012 டிசம்பரில் பெய்த பெருமழையில் அங்கே நீர் பெருகியது. வெள்ளத்துக்கென ஒதுக்கிய இடத்தில் நீர் நிற்கக் கூடாது என்று விதி சொன்னதால், அது திறந்துவிடப்பட்டது. அடுத்து வந்த 2013, அம்மாநிலம் கண்ட மிக வறண்ட ஆண்டுகளில் ஒன்றாக அமைய, ஏரி பெருமளவு வற்றிப்போனது. அதன் பிறகு அறிவியலாளர்களும் அணைப் பொறியாளர்களும் சேர்ந்து, புயல் வருவது தெரிந்தால் சில நாள் முன்னரே நீரை இறக்குவது, வராது என்றால் தேக்கி வைப்பது என்னும் முறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 2020ஆம் நீராண்டில் (2019 அக்டோபர் முதல் 2020 செப்டம்பர் வரை), பழைய விதிப்படி இருந்திருக்கக்கூடிய அளவைவிட ஏறத்தாழ 19 விழுக்காடு கூடுதல் நீரை அவர்களால் சேமிக்க முடிந்தது. அணையின் உயரத்தை ஓர் அடிகூடக் கூட்டாமல் கிடைத்த நீர் அது.

இம்முறையை அப்படியே எல்லா ஆறுகளுக்கும் பொருத்திவிட முடியாது. கலிபோர்னியாவில் பெருமழையைக் கொண்டுவரும் ஈரக்காற்றுப் பெருக்கைப் பல நாள் முன்னரே ஓரளவு கணிக்க முடிகிறது; திடீரென்று திரண்டு பொழியும் இடிமழையை அப்படிக் கணிக்க முடியாது. முன்கூட்டியே நீரை இறக்க வேண்டுமானால், மதகுகள் பழுதின்றி இயங்க வேண்டும், அணைக்குக் கீழே ஆறும் அந்த நீரைத் தாங்க வேண்டும். ஆற்றின் படுகையை ஆக்கிரமிக்க விட்டுவிட்டு, முன்னதாகத் திறக்கவில்லை என்று பொறியாளரைக் குறை சொல்வது முறையாகாது. ஒரே ஆற்றில் அணைகள் அடுத்தடுத்து இருந்தால், மேலணையில் திறக்கும் நேரம் கீழணைக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

ஆகவே ஒவ்வோர் அணைக்கும் தனித்தனியாக ஆய்வு செய்து, வண்டல் படிந்தது போக இன்றுள்ள உண்மையான கொள்ளளவை அளந்து, விதிகளைப் பத்தாண்டுக்கு ஒரு முறையேனும் திருத்துவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். முன்னறிவிப்பை நம்பி நீரைத் திறந்து, பிறகு மழை வராமல் போகும் நாள்களும் இருக்கும். எழுத்து வடிவிலுள்ள நெறிமுறைப்படி நடந்த பொறியாளரை அன்று தண்டிக்கலாகாது. அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் எவரும் பழைய நாள்காட்டியையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். விதிகளையும் அன்றாட நீர்வரத்து, வெளியேற்ற அளவுகளையும் மக்கள் மொழியில் இணையத்தில் வெளியிடும்படி அணை நிருவாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மதகு திறந்தால் தன் வீட்டு வாசலுக்கு எத்தனை மணி நேரத்தில் நீர் வரும் என்பது, கரையோரத்தில் குடியிருப்பவருக்கு மழைக்காலம் தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்