தெரு முழுவதற்கும் விதி வேண்டும்: செட்டிநாட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மரபுப் பாதுகாப்பையும் ஊரமைப்பையும் கவனிக்கும் அரசு அதிகாரிகளுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகள் இடிபடும் கதை உங்களுக்குப் புதிதல்ல. தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேர்வதும் ஊரறிந்தது. அதனால் பழம்பெருமையை விட்டுவிட்டு, போன மழையில் எங்கள் தெருவில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டைப் பங்காளிகள் விற்றார்கள், வாங்கியவர் இடித்தார். தூண்களில் சாக்பீஸால் எண் போட்டு மினி லாரியில் ஏற்றினார்கள். அப்புறம் மனையில் மண்ணடித்து இடுப்பளவு மேடாக்கினார்கள். இங்கே வீடுகள் தனித்தனியாகக் கட்டப்பட்டவை அல்ல. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஓட்டுக் கூரையில் விழும் மழை வளவு என்னும் வீட்டு நடுப்பகுதியின் முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியே தெருவுக்கு வந்து, வாட்டம் பார்த்து ஊருணிக்குப் போகும். எங்கள் முற்றத்து நீர் வெளியேறும் வழி அந்த மண்ணுக்குள் புதைந்துவிட்டது. ஐப்பசி மழையில் வளவு குளமானது. ஆச்சியைக் கட்டிலோடு முகப்புக்குத் தூக்கிப்போனோம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர்ப்பூச்சு இன்று வரை பாளம் பாளமாக உரிந்துகொண்டிருக்கிறது. ஊருணியில் மட்டும் தண்ணீர் இல்லை.

முறையிட்டோம். "பட்டா இடம், அவர் இஷ்டம்" என்று பதில் வந்தது. சட்டப்படி சரிதான். எங்கள் கோரிக்கையும் அதனால்தான்: தெருக்களை மொத்தமாகப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவியுங்கள். இடிக்குமுன் அனுமதி, கட்டட உயரத்துக்கும் மனை மட்டத்துக்கும் வரம்பு, தெருவின் எல்லையையும் நீர்வழியையும் மாற்றத் தடை. நாலு அழகான வீட்டை மரபுக் கட்டடப் பட்டியலில் சேர்த்தால் மட்டும் போதாது. எங்கள் வீடு பட்டியலில் இருந்திருந்தாலும் தண்ணீர் இப்படித்தான் தேங்கியிருக்கும்.

பங்காளிகளின் பயமும் நியாயமானது. ஒரே வீட்டில் பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்கு, பங்கு, ஓடு மாற்றவே செலவு கட்டுப்படியாகாது. பாதுகாப்பு என்றால் ஆணி அடிக்கக்கூட டெல்லிக்கு எழுத வேண்டுமோ என்கிறார்கள். உள்ளே குளியலறை கட்டட்டும், ஏசி மாட்டட்டும், அதில் விதி தலையிட வேண்டாம். பராமரிப்பவர்களுக்கு வீட்டு வரியில் சலுகை கொடுங்கள். புதுச்சேரி வைசியாள் வீதியில் தெருவையே மொத்தமாக எடுத்துச் சீரமைத்து, யுனெஸ்கோவின் பாராட்டையும் பெற்றார்களே!

நம் சட்டமன்றம் மரபுக் கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான மரபு ஆணையச் சட்டத்தை 2012இல் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனது. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின, இன்னமும் அங்கேயே இருக்கின்றன. சுற்றுலா விளம்பரத்துக்கு மட்டும் எங்கள் முகப்பு உடனே வேண்டும். படப்பிடிப்புக்காரர்களாவது போகும்போது வாடகை கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறோம்: தெருக்களைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவியுங்கள். அதற்குக் காலம் பிடிக்கும் என்றால், அனுமதியின்றி இடிக்கவோ மனையை மேடாக்கவோ கூடாது என்று ஓர் இடைக்கால ஆணையாவது அடுத்த ஐப்பசிக்கு முன் போடுங்கள். எதிர்வரிசையில் இன்னொரு வீட்டுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
செட்டிநாட்டுத் தெருவாசி ஒருவர்