புத்தகத்தில் இருந்த கோழி ஷெட் படத்தில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார ஞாயிறு இணைப்பில் துரித உணவு பற்றி வந்த கட்டுரையின் கடைசியில், மேலும் தெரிந்துகொள்ள 'ஃபாஸ்ட் ஃபுட் நேஷன்' படத்தைப் பாருங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். படத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்கப் பத்திரிகையாளர் எரிக் ஷ்லோசர் 2001-இல் அதே பெயரில் எழுதிய மூலப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் படம் பார்த்தவன் என்ற முறையில் எனக்குப் பெரிய ஏமாற்றம். அதுவும் பல்லடம், பொங்கலூர், உடுமலை பக்கம் கோழி வளர்க்கிறவர்களுக்கு எந்தப் பகுதி முக்கியமோ அதைத்தான் படத்தில் விட்டுவிட்டார்கள்.

2006-இல் வந்த படம், ரிச்சர்ட் லிங்க்லேட்டர் இயக்கியது. திரைக்கதையில் ஷ்லோசரும் சேர்ந்திருக்கிறார், அதனால் எழுதியவரைக் கேட்காமல் கெடுத்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. புத்தகம் கதை கிடையாது, ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதிய கட்டுரை நூல். அதை எடுத்து, ஒரு பர்கர் கம்பெனி அதிகாரி, எல்லை தாண்டி வந்து இறைச்சி ஆலையில் வேலைக்குச் சேரும் மெக்சிகோ ஆட்கள், பர்கர் கடையில் நிற்கும் பள்ளிக்கூடத்துப் பெண் என்று மூன்று கதையாக்கி அடுக்கியிருக்கிறார்கள். கதையாக்கியது தப்பில்லை, ஆனால் கம்பெனிக்கே 'மிக்கீஸ்' என்று கற்பனைப் பெயர் வைத்துவிட்டார்கள். புத்தகத்தின் பலமே பெயர் சொல்லி எழுதியதுதானே?

ஒரு உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் உருளைக்கிழங்கு வறுவல் 1990 வரை பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிக்கப்பட்டது. அப்புறம் தாவர எண்ணெய்க்கு மாறினார்கள், ஆனால் மாட்டிலிருந்து எடுத்த சுவைப்பொருளை 'இயற்கைச் சுவை' என்ற பெயரில் சேர்த்து வந்தார்கள். 2001-இல் இந்துக்களும் சைவ உணவுக்காரர்களும் அங்கே வழக்குப் போட்டார்கள், மறு வருடம் 1 கோடி டாலர் தருவதாகக் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. இந்தியாவில் விற்பதில் அது கிடையாது என்று அப்போதே கம்பெனி சொன்னது, அதையும் சொல்லிவிட வேண்டும். இப்படி யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று தெரியும்போது வருகிற கோபம், இல்லாத கம்பெனியைப் பார்த்து வருமா?

படத்தில், இறைச்சியில் சாணம் கலந்திருக்கிறது என்று தெரிந்து விசாரிக்க அந்த பர்கர் கம்பெனி அதிகாரி கிளம்புகிறார். நல்ல தொடக்கம். புரூஸ் வில்லிஸ் வரும் காட்சியும் நன்றாகவே இருக்கிறது, பர்கரைத் தின்றுகொண்டே, நன்றாக வேகவைத்தால் போச்சு என்கிற மாதிரி பேசுவார். அதோடு அதிகாரி ஊருக்குத் திரும்பிவிடுகிறார், படம் வேறு பக்கம் போய்விடுகிறது. 1993-இல் ஜாக் இன் தி பாக்ஸ் கடைகளின் பர்கரால் 700 பேருக்கு மேல் நோயில் விழுந்து நான்கு குழந்தைகள் இறந்ததைப் புத்தகம் விவரமாகச் சொல்கிறது. மாட்டின் குடலில் இருக்கிற கிருமி அவசர அவசரமாக அறுக்கும்போது இறைச்சியில் ஒட்டுகிறது, பல மாட்டுக் கறியை ஒன்றாகப் போட்டு அரைப்பதால் ஒரு மாட்டின் கிருமி ஊர் முழுக்கப் போகிறது. படத்தில் இதை ஆட்கள் உட்கார்ந்து வாயால் பேசிவிட்டுப் போகிறார்கள், கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

மெக்சிகோ ஆட்களின் பகுதி மட்டும் மனதில் நின்றது. கேட்டலினா சண்டினோ மொரேனோ நடிப்பைப் பார்த்தபோது திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்திருக்கிற ஒடிசா, பீகார் பெண்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

சரி, கோழிக்கு வருகிறேன். 1983-இல் மெக்டொனால்ட்ஸ் நக்கெட்ஸ் என்கிற பொரித்த கோழித் துண்டுகளை அமெரிக்கா முழுக்க விற்க ஆரம்பித்த பிறகு அங்கே கோழி வளர்ப்பே எப்படி மாறியது என்று புத்தகத்தில் வருகிறது. குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது. நிலம், ஷெட், ஆள் வேலை, எரிபொருள், கடன் எல்லாம் வளர்க்கிறவருடையது. பொங்கலூர் பக்கம் கறிக்கோழி ஷெட் போட்டிருக்கிற என் சித்தப்பாவிடம் இந்தப் பக்கத்தைத் தமிழில் சொன்னேன். "இது நம்ம அக்ரிமென்ட்டேதானப்பா" என்றார். குஞ்சு இறங்குவதற்கு முன்னால் ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, தேங்காய் மஞ்சி பரப்பி, பல்பு கட்டிச் சூடு ஏற்றி வைக்க வேண்டும். முதல் வாரம் ராத்திரியில் எழுந்து எழுந்து போய், குஞ்சுகள் ஒரே இடத்தில் குவிந்து நசுங்காமல் கலைத்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் மத்தியானம் கூரை மேல் தண்ணீர் விடாவிட்டால் சாயந்திரம் செத்த கோழியை வாளியில் பொறுக்க வேண்டியதுதான். நாற்பது நாள் தாண்டியதும் வண்டி வந்து எடை போட்டு ஏற்றிக்கொண்டு போகும். கூலி எத்தனை என்பது கம்பெனி போடுகிற கணக்கு. எத்தனை தீவனத்துக்கு எத்தனை கிலோ எடை, எத்தனை இழப்பு என்று பார்த்து, போன பேட்சில் சித்தப்பாவுக்குப் பிடித்தம் போக வந்த பணம் கரண்ட் பில்லுக்கும் ஆள் கூலிக்குமே சரியாகப் போனது. குஞ்சு தரமில்லாமல் வந்தது என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அமெரிக்காவில் நடக்கிறதும் நம் ஊரில் நடக்கிறதும் ஒன்றே என்று காட்டக் கூடிய இந்தப் பகுதி படத்தில் இல்லவே இல்லை, முழுக்க மாட்டிறைச்சிதான்.

வளர்ப்புக் கூலியை உயர்த்தச் சொல்லி விவசாயிகள் போராடும் செய்தியை நீங்களும் போடுகிறீர்கள், ஆனால் உள்பக்கத்தில் நாலு வரியோடு முடிந்துவிடுகிறது. துரித உணவு பற்றி அடுத்து எழுதும்போது உங்கள் நிருபர் ஒருவரை இந்தப் பக்கம் அனுப்புங்கள். குஞ்சு இறங்குகிற அன்றைக்கும் வரட்டும், கணக்குச் சீட்டு கைக்கு வருகிற அன்றைக்கும் வரட்டும். சித்தப்பா ஷெட்டைத் திறந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பல்லடம்.