டாம் ஹார்மன் உரைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆன் ஆர்பரில் சென்ற வாரம், மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடிய டாம் ஹார்மனைப் பற்றி நான் பேசியதைக் கேட்டு நிறையப் பேர் மனம் நிறைந்து பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு வேறு சிலருக்குச் சேர வேண்டும்.

முதலில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். சாப்பாட்டு மேசையில் சில்லறைக் காசுகளைப் பரப்பி, பந்தோடு ஓடுகிறவனுக்கு முன்னால் போய் எதிரணியை மறிப்பது யார், வழி எப்படித் திறக்கிறது என்று ஒவ்வொரு காசாக நகர்த்திக் காட்டினார். மிச்சிகன் அணியில் ஹார்மனுக்கு அப்படி வழி திறந்துவிட்டவர் ஃபாரஸ்ட் எவஷெவ்ஸ்கி. 1940-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், தன் 21-வது பிறந்தநாளன்று, ஆட்டத்தின் முதல் உதையிலேயே பந்தைப் பிடித்து 94 கெஜம் ஓடி, எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து டச் டவுன் அடித்தார் ஹார்மன். அதே ஆட்டத்தில் அவருடைய இன்னொரு ஓட்டத்தைப் பொறுக்க மாட்டாமல் எதிரணி ரசிகர் ஒருவர் மைதானத்துக்குள் இறங்கியே மறிக்கப் பார்த்தார், பலிக்கவில்லை. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் மிச்சிகனிடம் 40-0 என்று தோற்ற ஒஹாயோ அணியின் ரசிகர்களே எழுந்து நின்று அவருக்குக் கைதட்டியதும், கல்லூரி ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பை அந்த ஆண்டு அவருக்கே கிடைத்ததும் அந்த மேசையருகே உட்கார்ந்த பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

பல்கலைக்கழக ஆவணக் காப்பகப் பணியாளர்களுக்கும் நன்றி. பழைய நறுக்குகளைப் பொறுமையாக எடுத்துத் தந்ததோடு, எது அன்றைய செய்தி, எது பின்னால் ஒட்டிக்கொண்ட கதை என்று பிரித்துப் பார்க்கவும் பழக்கினார்கள்.

என் அலுவலகத் தோழிக்கு எப்படி நன்றி சொல்வது! இரண்டாம் உலகப் போரில் ஹார்மன் அமெரிக்கப் படை விமானியானார். 1943 ஏப்ரலில் அவர் ஓட்டிய குண்டுவீச்சு விமானம் தென் அமெரிக்கக் காட்டில் விழுந்தது. உடன் சென்றவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 30-இல் சீனாவில், பி-38 போர் விமானத்தில் இருந்தபோது அவரை ஜப்பானியர் சுட்டு வீழ்த்தினார்கள். கால்கள் வெந்துபோக, பாராசூட்டில் இறங்கியவரைச் சீன கெரில்லாக்கள் எதிரியின் கண்ணில் படாமல் மறைத்து, ஒரு மாதத்துக்கு மேல் ஆனாலும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தோழி வரைபடத்தில் யாங்சி ஆற்றோரம் விரல் வைத்து, அவர் விழுந்த இடம் ஜியாங்சி மாகாணம் என்றாள். முந்தைய ஆண்டுதான், டோக்கியோமீது குண்டு வீசிவிட்டு வந்து இறங்கிய அமெரிக்க விமானிகளுக்கு உதவியதற்காக, அந்த வட்டாரத்து ஊர்களை ஜப்பானியப் படை பழிவாங்கியிருந்தது. கொல்லப்பட்டவர்கள் 2,50,000 பேர் என்பது சீனத் தரப்புக் கணக்கு. என்ன நேரும் என்று தெரிந்தேதான் இன்னொரு விமானிக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். என் உரையின் கனமே அந்த இடம்தான். அந்த ஊர்க்காரர்களுக்கும் இந்த மடலிலேயே என் வணக்கம்.

ஹார்மனின் பாராசூட் பட்டில், அவரை மணந்த நடிகை எலிஸ் நாக்ஸின் கல்யாண உடை தைத்த கதையைப் பலரும் திரும்பக் கேட்டீர்கள். பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் விளையாட்டு வர்ணனையாளராக ஹார்மன் பெற்ற பெயரைப் பற்றி நான் சுருக்கமாகத்தான் பேசினேன். அவர் குரலைக் கேட்டு வளர்ந்த ஒருவர் அரங்கிலேயே எழுந்து மீதியைச் சொன்னார். ஐயா, மிக்க நன்றி.

ஒலிபெருக்கி பார்த்துக்கொண்ட தம்பிகளுக்கும், அத்தனை பேருக்கும் சுண்டலும் காப்பியும் கொடுத்த அக்காக்களுக்கும் அன்பு. உரையின் எழுத்து வடிவம் கேட்டவர்களுக்கு இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடுகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் நண்பன்