மழைக்காலத்துக்கு முன் ஒரு வேண்டுகோள்: மலை மிதிவண்டிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

உள்ளூர் மலை மிதிவண்டிக் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

புதிய பாதை வேண்டும் என்ற கோரிக்கை நம் குழுக் கூட்டங்களில் தவறாமல் எழுகிறது. இருக்கும் பாதையில் நீர் வடியும் வழி அடைத்துக்கிடக்கிறது, அதைத் திறந்துவிட நாலு பேர் வேண்டும் என்ற பேச்சு எப்போதாவதுதான் எழுகிறது. எழுந்தாலும் கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் எழுந்து, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகிறது. வரும் ஓராண்டுக்குப் புதிய பாதைத் திட்டங்களை நிறுத்திவைத்து, நம் உழைப்பையும் கையிருப்பையும் முழுவதுமாக ஏற்கெனவே உள்ள ஒற்றையடிப் பாதைகளின் பராமரிப்புக்குத் திருப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

மண்பாதையைப் பெரிதும் அழிப்பது தண்ணீர்தான். சக்கரமும் காலும் மண்ணை இளக்குகின்றன. இளகிய மண்ணை அடித்துக்கொண்டு போவது பாதையின் நீளவாக்கில் ஓடும் மழைநீர். 1994-இல் வில்சன், செனி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் மொன்டானா மாநில மலைப்பாதைகளில் நடைபயணிகள், குதிரைகள், மோட்டார் சைக்கிள்கள், மிதிவண்டிகள் ஆகிய நான்கின் பாதிப்பையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், ஈரமாக்கிய தடங்களில் சக்கரங்களைவிடக் குளம்புகளும் கால்களுமே அதிக மண்ணை இளக்கியது தெரியவந்தது. மிதிவண்டியைக் குற்றஞ்சாட்டுவோரிடம் நம்மில் பலர் இந்த ஆய்வைக் கேடயமாக நீட்டுகிறோம். அது முறையன்று என்று கருதுகிறேன். ஒருவர் நடந்து கடக்கும் தொலைவைவிடப் பல மடங்கு தொலைவை நாம் ஒரே காலையில் கடக்கிறோம். வளைவுக்குள் நுழையும்போது பின்சக்கரத்தைப் பூட்டி மண்ணைச் சீவிக்கொண்டு போகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். நாம் உண்டாக்கும் தேய்மானம் எவ்வளவு சிறியதானாலும் அதைச் சரிசெய்யும் பொறுப்பு நம்முடையதே.

நல்ல பாதை மலையின் சம உயரக் கோட்டை ஒட்டி, மெல்ல ஏறி இறங்கிப் போகும். பாதையின் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது பாதை அமைப்போர் கைக்கொள்ளும் விதி. மலைச்சரிவு 20 சதவீதம் என்றால் பாதை 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அதை மீறிச் சரிவுக்கு நேராக இறங்கும் பாதையில், நீர் பக்கவாட்டில் வெளியேற இடமின்றிப் பாதையையே ஓடையாக்கிக்கொள்கிறது. இத்துடன் பாதையின் தளம் பள்ளத்தாக்குப் பக்கமாக ஏறத்தாழ 5 சதவீதம் வாட்டம் கொண்டிருக்க வேண்டும். இறக்கத்தின் நடுநடுவே பாதை சற்று ஏறி மீண்டும் இறங்க வேண்டும். அப்படி ஏறத் தொடங்கும் இடத்தில் தேங்கவிருக்கும் நீர், அங்கேயே விளிம்பைத் தாண்டி வழிந்துபோய்விடும். இந்த மூன்றும் முறையாக அமைந்த பாதை நெடுங்காலம் நிலைக்கும். ஆனால் முறையாக அமைந்த பாதையும் தானாகவே கெடக்கூடியது என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

அது எப்படிக் கெடுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சக்கரங்கள் ஓட ஓடத் தளத்தின் நடுப்பகுதி அமுங்குகிறது. அமுங்கிய மண்ணும் உதிர்ந்த இலைகளும் வெளி விளிம்பில் ஒதுங்கி, நாளடைவில் வரப்பைப் போல இறுகி எழும்புகின்றன. பார்வைக்கு அது ஒரு பாதுகாப்பான கரை போலத் தோன்றும். புதியவர்கள் அதை வேண்டுமென்றே கட்டிய கரை என்றுகூட நினைப்பதுண்டு. உண்மையில் அந்த ஒரு சாண் உயர மண்தான் நீரை வெளியேற விடாமல் பாதைக்குள் அடைத்துவைக்கிறது. அடைபட்ட நீர் பாதையின் வழியே ஓடி, இறக்கத்தில் வேகம் பிடித்து, முதலில் விரல் அகலத்துக்குக் கோடு கிழிக்கிறது. பிறகு சக்கரம் சிக்கிக்கொள்ளும் அளவுக்குப் பள்ளம் பறிக்கிறது. வேர்கள் வெளியே தெரியத் தொடங்கும்போதுதான் பாதை பாழாகிவிட்டது என்று பேசுகிறோம். பல பருவங்களாகவே அது பாழாகிக்கொண்டிருந்திருக்கும்.

இதற்கான வேலை கடினமானதன்று. மண்வெட்டியால் அந்த விளிம்பு மண்ணை வெட்டி எடுத்துத் தளத்தின் வாட்டத்தை மீட்க வேண்டும். நீர் தேங்கும் இடத்தில், பாதையின் வெளிப்பக்கமாகச் சுமார் 3 மீட்டர் அகலத்துக்கு அரைவட்ட வடிவில் மண்ணைச் சீவி, நடுவில் ஏறத்தாழ 15 சதவீதம் சாய்வு வருமாறு இறக்க வேண்டும். சக்கரம் அதிர்வின்றிக் கடக்கும். நீர் மட்டும் விலகிப் போகும். வெட்டிய வாய் விளிம்போடு நின்றுவிடாமல் சரிவுக்குள்ளும் சிறிது தூரம் நீள வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழையின் வண்டல் அதை அடைத்துவிடும். எடுத்த மண்ணைப் பாதை ஓரத்திலேயே குவித்துவைப்பது வழக்கமான பிழை. அது மீண்டும் வரப்பாகிவிடும். எங்கே வெட்டுவது என்பதை அறிய, மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு பாதையில் நடந்து பார்ப்பதைவிடச் சிறந்த வழியில்லை. நீர் எங்கே நுழைகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே ஓட்டம் எடுக்கிறது என்பதை அப்போது கண்ணாலேயே காணலாம். அந்த இடங்களில் சிறு கொடிகளை நட்டு வந்தால், மண்ணில் ஈரம் இருக்கும் அடுத்த சில நாள்களுக்குள் வேலையை முடித்துவிடலாம். காய்ந்து பொடியாகிவிட்ட மண்ணைத் திமிசுக்கட்டையால் எவ்வளவு இடித்தாலும் அது இறுகாது.

ஓட்டுவோரின் பழக்கமும் பராமரிப்பில் ஒரு பாதி. சேற்றுக் குட்டையைக் கண்டதும் ஓரத்தில் ஒதுங்கிப் போகிறோம்; அடுத்து வருபவர் நம் தடத்துக்கும் வெளியே ஒதுங்குகிறார்; ஒரு பருவத்துக்குள் ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதை அளவுக்கு அகன்று, ஓரத்துச் செடிகளெல்லாம் மிதிபட்டு அழிந்துவிடுகின்றன. குட்டையைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் நடுவழியே போக வேண்டும், அல்லது இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். டயர் ஆழமாகப் பதிந்து தடம் விடுமானால் அன்று அந்தப் பாதை ஓட்டத்துக்கு உகந்ததன்று, திரும்பிவிடுவதே சரி. மணற்பாங்கான பாதைகள் மழைக்குப் பின் விரைவில் தயாராகிவிடும். களிமண் பாதைகளுக்கு நாள்கள் தேவைப்படும். எந்தப் பாதை எந்த வகை என்று குழுக்களே அறிவித்து, மழைக்குப் பின் எதைத் திறக்கலாம், எதை மூடலாம் என்பதை உறுப்பினர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பயணம் முடிந்ததும் டயரிலும் காலணியிலும் ஒட்டிய மண்ணைக் கழுவிவிடுவதும் இதில் சேரும். நியூசிலாந்தின் கௌரி மரங்களை வேரோடு அழிக்கும் நோய்க்கிருமி, மண் வழியாகவே ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் பரவுகிறது. அதைத் தடுப்பதற்காக அங்கே பல பாதைகள் மூடப்பட்டன.

நிலம் நம்முடையதன்று என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். அது வனத்துறையினுடையதாகவோ உள்ளாட்சியினுடையதாகவோ தனியாருடையதாகவோ இருக்கிறது. அவர்களின் எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி ஒரு வளைவைக்கூட நாம் புதிதாக வெட்டக் கூடாது. இரவோடு இரவாக யாரோ சிலர் அமைக்கும் ஒரு குதிமேட்டுக்காக, முறையான அனுமதி பெற்ற பாதைகளும் சேர்த்து மூடப்படும் ஆபத்து எப்போதும் உண்டு. இந்த விளையாட்டு உருவெடுத்த கலிபோர்னியாவின் மரின் பகுதியிலேயே, நடைபயணிகளுடனும் குதிரையேறிகளுடனும் மூண்ட பூசல்களால் பெரும்பாலான ஒற்றையடிப் பாதைகள் மிதிவண்டிகளுக்கு மூடப்பட்டன. அத்தகைய தடைகள் பெருகிவந்த சூழலில்தான், 1988-இல் கலிபோர்னியாவின் சில குழுக்கள் கூடிப் பன்னாட்டு மலை மிதிவண்டிச் சங்கத்தை உருவாக்கின. பொறுப்பான ஓட்டமும் பாதைகளில் தன்னார்வ உழைப்புமே அதன் தொடக்கக் கொள்கைகளாக இருந்தன. நில நிர்வாகியிடம் கோரிக்கையோடு மட்டும் போகிறவர்களைவிட, மண்வெட்டியோடு போகிறவர்களின் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

புதிய பாதைகள் ஊருக்கு வருமானம் தரும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், வெள்ளீயச் சுரங்கத் தொழிலால் வளர்ந்து பின்னர் நலிந்த டெர்பி என்ற சிற்றூர், 2015-இல் திறக்கப்பட்ட பாதைகளால் உலகெங்கும் அறியப்பட்ட இடமாகிவிட்டது. ஆனால் வருவோர் பெருகப் பெருகத் தேய்மானமும் பெருகும். பாதை அமைக்க நிதி தருவோர் திறப்பு விழாவோடு நின்றுவிடுவது பொதுவான நடைமுறை. அதற்குப் பின் ஆண்டுதோறும் வரும் செலவுக்கு யாரும் பெயர் கொடுப்பதில்லை. ஆகவே, பராமரிப்புக்கான ஆளும் பணமும் உறுதியாகாத எந்தப் புதிய திட்டத்துக்கும் குழுக்கள் ஒப்புதல் தரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒவ்வொரு குழுவும் இந்த மாதத்துக்குள் தன் பகுதி நில நிர்வாகியைச் சந்தித்து, பராமரிப்புப் பணிக்கு மட்டுமான அனுமதியை எழுத்தில் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பறவைகள் கூடு கட்டும் காலத்தில் எங்கே நுழையக் கூடாது, எந்த மரத்தைத் தொடக் கூடாது என்பதையும் அந்தச் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதைகளைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் சொல்லி இருவரைப் பொறுப்பாக்குங்கள். எல்லாருக்கும் பொதுவான வேலை யாருடைய வேலையும் ஆகாமல் போய்விடும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஓட்டத்துக்கு மாறாகப் பாதைப் பணிக்கு ஒதுக்குங்கள். ரம்பம் பிடிக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவர்களிடம் மட்டும் விடுங்கள். மற்ற எல்லா வேலைக்கும் புதியவர்களையும் சிறுவர்களையும் அழைத்து வாருங்கள். உறுப்பினர் கட்டணத்தில் ஒரு பங்கு கருவிகளுக்கும் பாதை நிதிக்கும் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள்.

முதல் மழை விழும் நாளில் குடையையும் கொடிகளையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதியை நடந்து பாருங்கள். கண்டதைக் குறித்துவைத்து, அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக அதையே வையுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவராகப் பாதையில் ஓட்டும் ஒரு மிதிவண்டியாளர்